கோரை இருந்த பக்கம்

மாமனார் விட்டுப்போன மனையைப் பங்கு பிரித்தபோது, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெரியவர் கோடு போட்டார், சின்னவர் எந்தப் பக்கம் வேண்டும் என்று முதலில் சொன்னார். பிரிக்கிறவர் ஓரவஞ்சனை செய்யக்கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது. பெரியவர் என் கணவர். சின்னவர் என் கொழுந்தனார்.

கோடை மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கிழக்குப் பக்கம் வெறும் மண்ணாகக் கிடந்தது. மேற்குப் பக்கம் பச்சைப்பசேல் என்று இருந்தது. நான் திருக்கோவிலூரில் துணிக்கடைக்காரர் மகள். பச்சையாக இருந்தால் நல்ல மண் என்று நினைக்கிற ஆள். எனக்கு மேற்குதான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது, ஆனால் கோடு போட்ட எங்களுக்கு வாய் திறக்கும் உரிமை இல்லை.

கொழுந்தனார் தன் மனைவியைப் பார்த்தார். என் ஓரகத்தி இரண்டு பக்கத்தையும் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். "நம்மளுக்குக் கெழக்கே போதும்" என்றாள். அசடு, கையில் வந்ததை விட்டுவிட்டாளே என்று சந்தோஷப்பட்டேன். வீட்டுக்குப் போய் கேசரி கிண்டினேன்.

அந்தப் பச்சை முழுக்கக் கோரை.

இரண்டு பேரும் வீடு கட்டி, பின்னால் ஆளுக்கொரு தோட்டம் போட்டு, நடுவில் கம்பி வேலி போட்ட பிறகுதான் எனக்கு அது புரிந்தது. கையால் பிடுங்கினேன். புல் வந்தது, அடியில் இருந்த கிழங்கு வரவில்லை. பத்தே நாளில் ஒன்று இருந்த இடத்தில் மூன்று நின்றது. டில்லர் விட்டு உழுதேன். நூல் மாதிரி வேரில் வரிசையாகக் கோத்திருந்த கிழங்குகளை அது அறுத்து, இல்லாத மூலைக்கும் கொண்டுபோய் நட்டுக்கொடுத்தது. உரக்கடையில் மருந்து வாங்கி அடித்தேன். என் அவரைச்செடி செத்தது. கோரை ஒரு மாதம் மஞ்சளாக இருந்துவிட்டு, அடுத்த மழையில் எழுந்து உட்கார்ந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் அவள் தக்காளியும் கத்தரியும் கனகாம்பரமும் வைத்திருந்தாள். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரியும். எனக்கு வயிறு எரியும். மூடி வைத்தால் புகை போகாது, திறந்து வைத்தால் மனசு ஆறாது. இதில் என் கணவர் வேறு, பல் தேய்த்துக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்து, "இன்னா சுத்தமா வச்சிக்கினு இருக்கா பாரு" என்பார். அன்றைக்கு அவர் காபியில் சர்க்கரை கம்மியாகத்தான் இருக்கும்.

அவள் விவசாயக் குடும்பத்துப் பெண். கோரையைத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டே என் தலையில் கட்டிவிட்டாள் என்று முடிவு செய்தேன். பண்டிகைக்கு அவள் கொடுத்தனுப்பிய அதிரசத்தைக்கூட அந்த நினைப்போடுதான் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, அதிலும் எரிச்சல்.

போன ஆவணியில் ஒரு மத்தியானம் அவர்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான் கொத்தி எடுத்த கிழங்குகள் முறத்தில் இருந்தன. இரண்டு கை அள்ளி வேலிக்கு மேலே அவள் தக்காளிப் பாத்தியில் வீசினேன். யோசித்துச் செய்ததுதான். கை தவறியது என்று சொல்ல மாட்டேன்.

மழை பெய்தது. முளைத்தது. அவள் கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. பாத்தி ஓரத்தில் குந்திக்கொண்டு, களைக்கொத்தால் ஒவ்வொன்றையும் சுற்றித் தோண்டி, வேர் எங்கே போகிறதோ அங்கே எல்லாம் கூடவே போய், கடைசிக் கிழங்கு வரை எடுத்து வாளியில் போட்டாள். மூன்று நாள் ஆனது. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் களைக்கொத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். "உங்க பக்கத்துலேர்ந்து பரவுது போலக்கா. வாங்க, ரெண்டு பேருமா ஒரு ஓரத்துலேர்ந்து எடுத்துக்கினே வரலாம். புடுங்காதீங்க, தோண்டுங்க."

மறுக்க வழியில்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தோண்டினோம். அவள் நான் விட்ட கிழங்கையும் சேர்த்து எடுத்தாள். எனக்குத் தாங்கவில்லை. அவளை ஒரு குற்றமாவது சொல்லியே ஆக வேண்டும் போல் இருந்தது.

"பங்கு பிரிச்ச அன்னிக்கே இது கோரைன்னு உனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்க்கா" என்றாள், தலை நிமிராமல்.

இதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். "அப்ப ஏன் சொல்லல?"

அவள் கையில் இருந்த கிழங்கின் மண்ணைத் துடைத்து வாளியில் போட்டாள். "நீங்க இந்தப் பக்கத்தையே பாத்துக்கினு இருந்தீங்க. அது வாணாம்க்கா, கோரை, நாங்களே எடுத்துக்கறோம்னு நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? நல்ல பக்கத்த இவ அமுக்கப் பாக்கறான்னுதானே நெனச்சிருப்பீங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்திருப்பேன். சாகும் வரைக்கும் நினைத்திருப்பேன்.

அவள் அடுத்த செடிக்கு நகர்ந்தாள். நானும் நகர்ந்தேன். உன் பாத்தியில் கிழங்கை வீசியது நான்தான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. நான் சொன்னால் அவள் கை மண்ணைத் தட்டிவிட்டு, "பரவால்லக்கா" என்று சொல்லிவிடுவாள் என்று தெரியும். அதைக் கேட்க என்னால் முடியாது என்பதால் சொல்லவில்லை.