ஸ்டெல்லா அக்கா சாவி கேட்ட பாட்டு

சென்ற திங்கட்கிழமை ஆபீசில் லேபிள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது குமார் அண்ணனின் போன் வந்தது. "நம்ம ஸ்டெல்லா போயிருச்சும்மா. மஞ்சக்காமாலை" என்றார்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, எங்கள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைத்தவராக உங்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். என்னைப் பொறுத்தவரை அவர் திருப்பூரின் முதல் பங்க் ராக் பாடகி. இரண்டாமவர் யார் என்று கேட்காதீர்கள், இன்னும் வரவில்லை.

சரக்கு பார்க்க லண்டனிலிருந்து வந்தவர் மறந்துவிட்டுப் போன, சுதி பாராமல் கத்திப் பாடும் ஒரு பங்க் ராக் கேசட்டில்தான் எல்லாம் தொடங்கியது. சாப்பாட்டு நேரத்தில் போட்டுக் கேட்டோம். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். குரல் முரடு என்று சர்ச் பாடகர் குழுவில் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டவரான அக்காவின் முகம் மட்டும் மலர்ந்தது. "ஏட்டி, இவனுக்குப் பாடவே தெரியலை. ஆனாலும் என்ன தைரியமாப் பாடுதான் பாரு! நம்மளும் பாடலாம்ட்டி!"

கணவர் சேவியர் அண்ணன் கிடார், கட்டிங் பிரிவு குமார் அண்ணன் டிரம். ஒத்திகை பெரும்பாலும் மிஷின் முன்னால்தான். அத்தனை மிஷின்களின் இரைச்சலுக்கு மேலே பாடிப் பாடியே அந்தக் குரல் வளர்ந்தது.

தையல் பகுதிப் பெண்களின் கழிவறை அப்போது பூட்டியே கிடக்கும். சாவி சூப்பர்வைசர் பையில். ஒவ்வொருத்தியும் அவர் முன்னால் நின்று காரணம் சொல்லிக் கேட்க வேண்டும். பலர் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தார்கள். அக்கா அதைப் பாட்டாக்கினார்: "சாவியக் குடு! சாவியக் குடு! காரணம் கேக்காத, சாவியக் குடு!"

ஒருநாள் பாட்டின் நடுவே கரண்ட் போய்விட்டது. மிஷின்கள் எல்லாம் ஒரேயடியாக நின்றன. அக்காவின் குரல் நிற்கவில்லை. பின்னால் சூப்பர்வைசர்.

"என்ன பாட்டுங்க அம்மிணி இது?"

"ஆயுத பூஜைக்கு ஒத்திகை பாக்கேன் சார்."

"மேடையில இதப் பாடுனா அடுத்த நாள் வேலைக்கு வர வேண்டீதில்லீங்க."

ஆயுத பூஜையன்று மிஷின்களுக்குச் சந்தனம் வைத்து, பொரி வழங்கி முடித்ததும், "டிகிரி படிச்ச புள்ள, நீயே மைக்ல சொல்லு கண்ணு" என்று முதலாளி என்னை மேடையில் ஏற்றிவிட்டார். எங்கள் வீட்டிலேயே நான்தான் முதல் பட்டதாரி. ஆனால் நாலு பேர் முன்னால் பேச நாக்கு எழாது. சினிமாப் பாட்டு என்று அறிவிக்கத்தான் சொல்லியிருந்தார்கள். அக்கா என் காதருகே குனிந்தார். "பங்க் ராக்னு சொல்லுட்டி. சத்தமா."

சொல்லிவிட்டேன்!

குமார் அண்ணன் அடித்த அடியில் பொரித் தட்டுகள் அதிர்ந்தன. முதல் முறை அக்கா மட்டும் பாடினார். இரண்டாம் முறை தையல் பகுதியே எழுந்து நின்று முழங்கியது: "சாவியக் குடு!"

முதலாளி திரும்பி, "ஏனுங்க, என்ன சாவிங்க அது?" என்று சூப்பர்வைசரைக் கேட்டார். பக்கத்திலிருந்த அவர் மனைவி, "எந்தச் சாவியா இருந்தா என்னங்க, மொதல்ல குடுக்கச் சொல்லுங்க" என்றார். கூட்டம் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் கை தானாகப் பைக்குள் போனது.

விடுமுறை முடிந்து வந்தபோது கதவில் பூட்டு இல்லை. அக்காவின் வேலையும் போகவில்லை. அந்தப் பூட்டைக் கேட்டு வாங்கிச் சங்கிலியில் கோத்து, அதன்பின் ஏறிய எல்லா மேடையிலும் கழுத்தில் போட்டுக்கொண்டார். கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் பாதியில் மைக்கை அணைத்தார்கள். மைக் இல்லாமலே பாடி முடித்தார். காதர்பேட்டையில் பனியன் கட்டுகளுக்கு நடுவே விற்க வைத்த அக்காவின் பாட்டு சிடிகள் பெரும்பாலும் வீட்டுக்கே திரும்பின. ஒரு பத்திரிகைகூட எழுதவில்லையே என்று நான் பொருமினேன். "எழுதாட்டாப் போறான். கக்கூஸ் தொறந்துச்சா இல்லையா?" என்றார்.

கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்தது. பூட்டு அவர் கழுத்திலேயே இருந்தது. "மோட்ச வாசல்ல சாவி வச்சிருக்க பேதுரு கேட்டாலும் இவ காரணம் சொல்ல மாட்டா" என்றார் சேவியர் அண்ணன். அழுதுகொண்டே சிரித்தோம். பிறகு ஓர் அமைதி, அன்று கரண்ட் போனபோது மிஷின்கள் நின்றதுபோல.

"சாவியக் குடு!"

கத்தியது நான்தான். குமார் அண்ணன் ஒரு வாளியைக் கவிழ்த்துத் தாளம் போட்டார். தையல் பகுதிப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். என் குரல் உடைந்தது, சுதி எங்கோ போனது. இவளுக்குப் பாடவே தெரியலை என்று அக்கா பூரித்துப்போயிருப்பார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது சுதி சேராத இந்தக் குரல்தான். இதை இனி நான் அடக்கப்போவதில்லை.