கையுறையைத் தாண்டிய பந்து

ரோச் மச்சாதுவைத் துறைமுகத்து ஏஜெண்ட் ஆபீசில் குமாஸ்தாவாக எடுத்ததே அவன் நல்ல விக்கெட் கீப்பர் என்பதற்காகத்தான். பந்தைப் பிடிப்பதைவிட, விட்ட பந்தை மீட்பதில் அவன் கெட்டிக்காரன். கையுறையில் பந்து விழாத மறு நொடியே திரும்பி ஓடுவான். ஓடும்போதே வலது கையுறையைக் கழற்றி எறிவான். குனிந்து எடுத்த பந்து, நிமிரும் முன்பே ஸ்டம்பை நோக்கிப் போயிருக்கும்.

1975 மே மாதம், ஒரு மில் அணியோடு இறுதி ஆட்டம். ஆறாவது ஓவரில் வேகப்பந்து ஒன்று அவனுடைய வலது கை மோதிர விரலைத் தோல் கிழியப் பின்பக்கமாக மடக்கிவிட்டது.

கேப்டன் ஜெபசீலன்தான் ஆபீஸ் மேனேஜரும். அவரிடம் போனான்.

"வெரலு ஒடிஞ்சிட்டு சார். வேற ஆள நிப்பாட்டுங்க."

ஜெபசீலன் விரலைப் பார்க்கவில்லை. "ஒனக்கு எதுக்குல வேல குடுத்திருக்கு? நெஞ்சக் குடுத்துத் தடு."

நெஞ்சாலும் தொடையாலும் கடைசிவரை தடுத்தான். கடைசிப் பந்தில் மில் அணிக்கு இரண்டு ரன் தேவை. கால் பக்கமாக வந்த பந்து அவனைத் தாண்டிப் போனது. ரோச் துரத்திப் பிடித்தபோது அவர்கள் இரண்டாவது ரன்னுக்குப் பாதி தூரம்கூட வந்திருக்கவில்லை. எறிந்தான். மடங்காத விரலிலிருந்து நழுவிய பந்து அவன் காலடியிலேயே விழுந்தது. மில் அணி ஜெயித்தது.

திரும்பும்போது ஜெபசீலன் அவனை அணி வந்த லாரியில் ஏற்றவில்லை. நான்கு மைல் நடந்தான். ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வாரம் ஆபீசில் லீவும் கிடைக்கவில்லை. சீழ் பிடித்த விரலைப் பாதியில் வெட்டினார்கள்.

ஆகஸ்டில் பாஸ்கல் என்பவன் புதுக் கீப்பராக வந்தான்.

"இவன் பின்னால நில்லு. இவன் விடுதத பொறக்கிப் போடு," என்று ரோச்சிடம் சொன்னார் ஜெபசீலன்.

தினசரிப் பயிற்சியில் பாஸ்கல் வேண்டுமென்றே பந்தை விட்டான். ரோச் ஓடுவதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் மனைவி ஆக்னஸ் ஏழு மாதக் கர்ப்பம். பன்னிரண்டு நாள் ஓடினான்.

பதிமூன்றாம் நாள் தன்னிடம் வந்த பந்துக்கு விலகி நின்றான். அது உருண்டு மைதானத்தை ஒட்டிய உப்பளப் பாத்தியில் விழுந்தது.

"ஏலே, எடுத்துட்டு வா."

"நீங்க போய் எடுத்துக்கிடுங்க சார்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

மறுநாள் ஆபீஸ் வாசலிலேயே காவலாள் அவனைத் திருப்பி அனுப்பினான். அந்த வாரமே ரோச் உப்பளத்தில் கூடை சுமக்கப் போனான். புதுத்தோல் படர்ந்திருந்த வெட்டு விரலில் உப்பு இறங்கி எரிந்தது. சாயங்காலம் ஆக்னஸ் அதைக் கழுவித் துணி சுற்றினாள்.