ஓரடியும் அசையாத விமானம்

செய்தி வந்தபோது நான் குணம் அண்ணையின் கொட்டகையில் ஏணி மேல் நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பெருங்காற்று வரப்போகிறது, விமானத்துக்குத் தார்ப்பாய் கட்டச் சொல்லும் என்று ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து தன் மனைவி வசந்தி அக்காவிடம் மூன்று முறை எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். போன் அடித்தது. "தம்பி, இவர் போயிட்டார்" என்றார் அக்கா. என் வாயில் வந்தது, "இன்னும் ஒரு பக்கம் கட்டல அக்கா" என்பதுதான். மடத்தனம்தான், என்ன செய்வது.

அவரைத் தெரிந்து இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் பதினோரு ஆண்டுகள் எனக்குப் பக்கத்து மேசை. இந்த நாட்டுக்கு நான் வந்தது தஞ்சாவூரிலிருந்து, அவர் வந்தது யாழ்ப்பாணத்திலிருந்து. ஓய்வு பெற்றதும் ஊர் உலகம் நம் ஜனம் கூடியிருக்கும் பிளாக்ஹவுஸ் பேயில் வீடு தேட, இவர் நகரத்தைத் தாண்டி பாபகூராவுக்கு அப்பால் சேறும் புல்லுமாக நிலம் வாங்கி, இரண்டு பேர் உட்காரும் பழைய இராணுவப் பயிற்சி விமானம் ஒன்றை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். குண்டுவீச்சுக்குத் தப்பி வந்த மனுஷன் இராணுவ விமானத்தைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்று கோயிலில் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். "பாக்க விருப்பம் எண்டால் வீட்டுக்கு வாரும். இல்லையெண்டால் சுண்டலைச் சாப்பிடும்" என்றார்.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் என்னுடையவை அல்ல. துரு சுரண்ட வேண்டும், வாலுக்குள் கூடு கட்டும் பறவைகளைக் கிளப்ப வேண்டும், பிறகு துடை, துடை, துடை. ஒரு ஆயுத பூஜைக்கு நானே ஆசைப்பட்டு எப்சம் கடைத்தெருவிலிருந்து சந்தனமும் குங்குமமும், பக்கத்து வீட்டு மரத்து எலுமிச்சம்பழம் மூன்றும் கொண்டுபோனேன். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தாயிற்று. தள்ளுவதற்கு ஏழு பேர் தோள் கொடுத்து நிற்கிறோம். அண்ணை முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"ஓரடியும் அசையக் கூடாது."

"பழம் நசுங்கணும் அண்ணே. அதுதானே பூஜையே."

"அப்ப காலால மிதியும்."

மிதித்தேன். பூஜைப் பழத்தைக் காலால் மிதித்த பாவத்துக்கு என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதாவது போகட்டும். தன் பண்ணையில் இதுபோல நான்கு விமானங்கள் வைத்திருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் வந்து, ஓராண்டில் இதைப் பறக்க வைத்துத் தருகிறேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணை தேநீர் கொடுத்து, பிஸ்கட் கொடுத்து, வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். காரணம் கேட்டால் வாயில் கொழுக்கட்டை.

அவர் போவதற்கு மூன்று நாள் முன்பு, ஆஸ்பத்திரியில், "எனக்குப் பிறகு அதை நீர் பார்ப்பீரோ?" என்று கேட்டார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"பறக்காத பிளேனை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது அண்ணே? அந்த ஆளுதான் பறக்க வைக்கிறேன்னாரே."

கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "அதே மாதிரி ஒண்டுதான் எங்கட ஊருக்கு மேல வந்தது. தங்கச்சியை நான் பங்கருக்குள்ள இழுக்க முதல் குண்டைப் போட்டுட்டான்." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "அந்தச் சாமான் நிலத்தில அசையாமல் நிக்கிறதை ஒவ்வொரு நாள் காலமையும் பாக்கவேணும், தம்பி. அதுக்குத்தான் நான் வாங்கினது."

"அப்புறம் ஏன் அண்ணே அப்படித் துடைச்சீங்க?"

"துருப்பிடிச்சால் குப்பை எண்டு கொண்டுபோயிடுவினம். பிறகு நான் எதைப் பாக்கிறது?"

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? இத்தனை சனிக்கிழமைகளில் ஒன்றிலாவது? எனக்கு அவர் மீது வந்த கோபத்தில் அழுகையும் சேர்ந்துகொண்டது. பார்க்கிங் நேரம் முடிகிறது என்று ஏதோ சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது அக்கா நிலத்தை விற்கிறார். விமானத்தை என்ன செய்வதென்று என்னிடமே விட்டுவிட்டார். போன வாரம் அந்த வெள்ளைக்காரர் மறுபடி வந்தார். பறக்க வைத்து இறக்கையில் அண்ணையின் பெயரையே எழுதுகிறேன் என்றார். நல்ல மனிதர், அவரிடம் எதை விளக்குவது? விற்பதற்கில்லை என்றேன். பக்கத்துப் பண்ணைக்காரர் தன் வைக்கோல் கொட்டகையில் இடம் தருகிறார். அங்கே கொண்டுபோக ஒருமுறை அசைத்துத்தான் ஆகவேண்டும், அண்ணை பொறுத்துக்கொள்ளட்டும்.

சிரிக்கவைக்கும் அவருடைய பகிடிகளை நீங்கள் பத்திரமாக வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது, அவர் கேட்டபோது சொல்லாமல் எழுந்து வந்த ஒரு "சரி அண்ணே".