பாரத்தோட ஓட்டிப் பாத்த நானா

அலவத்துகொட மெக்கானிக் முஸ்லிம் அண்ணன், நாங்க நானான்னுதான் கூப்புடுவோம். அவருக்கு மருதாணி போட்ட தாடி, கேரட்டு நெறம். வேலைக்கு முந்தியே சவுக்காரம் போட்டுக் கை கழுவுற மெக்கானிக்க நான் அங்கதான் பாத்தேன்.

எங்க மரக்கறி லொறி ஹேவாஹெட்ட மேட்டுல ஒரு நாளு இழுக்க மாட்டாம திக்கும், ஒரு நாளு திக்காது. இன்னொருக்கா திக்குனா வித்துப்புடுவேன்னு மகன் சொல்லிட்டான். எனக்கோ அதுல முன்னால ஒக்காந்து கண்டிக்குப் போறதுதான் திருவிழா. காட்டுன கராஜுல எல்லாம் லீக்ஸு மூட்டைய இறக்கிட்டு, வெறும் லொறிய ஓட்டிப் பாத்து, "நல்லாத்தானே இருக்கு"ன்னாங்க.

இந்த நானா மட்டும், "லீக்ஸ இறக்க வாணாம். அம்மாவும் இருங்க, அதுவும் பாரந்தானே"ன்னாரு.

"நான் லீக்ஸ விட லேசு, நானா"ன்னேன்.

மேட்டுல ஏறுனதும் எஞ்சின் திக்குச்சு. மனுசன் கல்யாண வீட்டுல சொந்தக்காரனப் பாத்த மாதிரி சிரிச்சாரு. நிப்பாட்டி, எஞ்சினுக்குக் காத்து ஊதுற டர்போ குழாய்க்கு அடியில தடவுனாரு. சுத்தமான வெரல்ல எண்ணெ ஒட்டுச்சு. ரப்பரு வெடிச்சிருக்கு; பாரத்தோட ஏறி டர்போ பலமா ஊதுனா மட்டுந்தான் அந்த வெடிப்பு வாயத் தொறக்குமாம்.

குழாய மாத்துனதும் அதே மேட்டுல லொறி பறந்துச்சு. மகன் விக்கிற பேச்ச விட்டுட்டான். நானா மட்டும் காதக் குடுத்துக்கிட்டே, கொஞ்சம் வாடுன மூஞ்சியோட வந்தாரு. அந்தத் திக்கல் அவருக்கு அவ்வளவு புடிச்சிருந்துச்சோ என்னமோ.