பெண் பார்க்க வந்த ஞாயிறும் நகராத மெஷின்களும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அம்மாவும் தலையாட்டினாள். கடைசியில் பார்த்தால், மீஞ்சூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் அதே ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை, அந்த ஞாயிற்றை விட்டால் அவருக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று அம்மாவிடம் காரணம் தயாராக இருந்தது.

"வந்து காப்பி குடிச்சிட்டுப் போகப்போறாங்க. உன் கம்ப்யூட்டர் அரை நாள் சும்மா குந்தினு இருந்தா இன்னா?" என்றாள்.

சும்மா இருக்கக்கூடிய ஞாயிறாக அது இல்லை. சென்னையில் சர்வர்களை வாடகைக்கு விடும் சின்ன நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. வாரத்தில் சில நாள், ஏரிக்கரையிலுள்ள எங்கள் ஊரான கோட்டைக்குப்பத்திலிருந்து பஸ், பிறகு ரயில் என்று ஆபீசுக்குப் போவேன். மற்ற நாளில் வீட்டிலிருந்தே வேலை. ஒரு பெரிய சர்வருக்குள் பல கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடுவதுபோல மென்பொருளாலேயே அமைத்து வைத்திருப்போம். அவற்றுக்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். பழைய சர்வரைக் கழிக்க வேண்டிவந்தால், அதிலுள்ள மெஷின்களை நிறுத்தாமல், ஓட்டத்திலேயே வேறு சர்வருக்கு மாற்றிவிடலாம். இந்த மாற்றத்தை மைக்ரேஷன் என்போம். உள்ளே வேலை செய்கிறவருக்குத் தான் இடம் மாறியதுகூடத் தெரியாது. எனக்கு இந்த வேலையில் ஆசை வந்ததே அதைப் பார்த்துத்தான்.

ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் நடத்தும் வாடிக்கையாளர் ஒருவருடைய மெஷின்கள் அந்தப் பழைய சர்வர்களில் இருந்தன. திங்கட்கிழமை சர்வர்களைக் கழற்றி எடுத்துப்போக ஆட்கள் வருவதாக ஏற்பாடு. பெரும்பாலான மெஷின்கள் பிரச்சினை இல்லாமல் நகர்ந்துவிட்டன. சிலது மட்டும் அடம்பிடித்தன. பாதி வழி போகும். புதிய சர்வர் 'இந்தச் சாதனத்தை எனக்குத் தெரியாது' என்று சொல்லி நிராகரித்துவிடும். மெஷின் பழைய இடத்திலேயே ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் நகர்ந்துவிடும் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் ரத்தம் பரிசோதிக்கும் கருவிகள் எந்நேரமும் அவற்றோடு பேசிக்கொண்டிருப்பதால் ரீஸ்டார்ட் கூடவே கூடாது என்று வாடிக்கையாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நானும் என் டீம் லீடும் நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டோம், மென்பொருளின் பதிப்பைச் சந்தேகப்பட்டோம், ஒரு கட்டத்தில் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டோம். எங்கள் சோதனை மெஷினில் மட்டும் அந்தத் தப்பு வரவே மாட்டேன் என்றது.

ஞாயிறு காலை, தெருவில் சாலை வேலைக்குக் குழி தோண்டியவர்கள் இன்டர்நெட் கேபிளையும் அறுத்துவிட்டார்கள். மொட்டை மாடியில்தான் போன் சிக்னல் நன்றாக வரும். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் மீன் போட்டு வைக்கும் ஐஸ் பெட்டி ஒன்றைக் கழுவி, தண்ணீர் டேங்க் நிழலில் கவிழ்த்து வைத்துக் கொடுத்தார். அதன்மேல் லேப்டாப். ஒரு பக்கம் நைனாவின் வலைக் குவியல். இன்னொரு பக்கம் அம்மா நெத்திலி காயப்போட்டிருந்தாள். மாடியில்தானே இருக்கப்போகிறாய், காக்காயையும் பார்த்துக்கொள் என்று ஒரு மூங்கில் கழியையும் என் பக்கத்தில் சாய்த்துவிட்டுப் போனாள்.

ஒரு மெஷினை நகர்த்த உத்தரவு கொடுத்துவிட்டு, அது தோற்றுப்போவதற்குள் கீழே ஓடிப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூவோடு திரும்பி மாடியேறினேன். வீடியோவில் என்னைப் பார்த்த டீம் லீட் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். அவள் தாம்பரத்தில் அவள் வீட்டு ஹாலில் இருந்தாள்.

"மைக்ரேஷனுக்கு இவ்ளோ மரியாதை கொடுக்கிற ஆளை நான் பார்த்ததே இல்ல" என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எனக்குத்தான் கீழே போக மனம் வரவில்லை. அதற்கு முன் வந்து பார்த்த ஒரு வீட்டார், கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலையை விட்டுவிடும் அல்லவா என்று நைனாவிடம் கேட்டார்கள். நைனா அவர்களுக்கு மரியாதையாக நண்டுக்குழம்பு போட்டு வழியனுப்பிவிட்டு, அடுத்து யாரும் வரவேண்டாம் என்று கொஞ்ச காலம் விட்டிருந்தார். மறுபடியும் அப்படி ஒரு கேள்வி வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. பிடி கொடுக்காத மெஷின்களோடு மல்லுக்கட்டுவது அதைவிடச் சுலபமாகத் தோன்றியது.

வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா. அவர் மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஆபரேட்டர். காப்பி கொடுத்தேன், உட்கார்ந்தேன், எங்கே படித்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொன்னேன். என் மடியில் இருந்த போன் விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆபீசா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். நாளைக்குள் முடிக்க வேண்டிய வேலை, இன்னும் பிடிபடவில்லை என்றும் சொல்லிவிட்டேன். அம்மா சமையலறை வாசலிலிருந்து என்னை முறைத்தாள்.

"அப்ப போய் அதைப் பாரும்மா. நாங்க எங்க ஓடிடப்போறோம்" என்றார் அவர். நான் படியேறும்போது பின்னாலேயே அவர் குரல் கேட்டது. மகனிடம், நீ இங்கே உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்குப் பதில் மேலே போய் அந்தப் பெண்ணோடு நாலு வார்த்தை பேசிவிட்டு வா என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை மாடிக்கு வந்தபோது நான் லேப்டாப் முன் சம்மணமிட்டிருந்தேன். நெத்திலிமேல் காக்காய்கள் உட்கார்ந்து விருந்து நடத்திக்கொண்டிருந்தன. அவர் ஒன்றும் கேட்காமல் கழியை எடுத்து அவற்றை விரட்டினார். பிறகு வலைக் குவியலின் ஓரமாக உட்கார்ந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டார்.

"இன்னாங்க பிரச்சினை? சொல்லலாம்னா சொல்லுங்க."

சொன்னேன். ஓடுகிற மெஷினை இங்கிருந்து அங்கே அனுப்ப வேண்டும், அந்தப் பக்கத்து சர்வர் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது என்றேன். ஏன் என்று கேட்டார்.

"நம்ம கணக்குல இந்த மெஷின்ல இன்னின்ன சாமான் இருக்குன்னு எழுதியிருக்கும். அதைப் பார்த்து அதே மாதிரி ஒரு காலி மெஷினை அந்தப் பக்கம் தயார் பண்ணி வெச்சிருப்போம். இங்கேர்ந்து வர்ற ஒவ்வொரு சாமானுக்கும் அங்க ஒரு இடம் இருக்கணும். இல்லாத சாமான் ஒண்ணு வந்தா திருப்பி அனுப்பிடும்."

"அப்ப கணக்குல இல்லாத சாமான் எதுனா இங்க கீதுங்களா?"

"இல்லீங்க. ரெண்டு பக்கமும் கணக்கு ஒண்ணாத்தான் இருக்கு. பேக்கப்புக்காக தினம் ஒரு டிஸ்க்கை, மெஷின் ஓடறப்பவே செருகுவோம். வேலை முடிஞ்சதும் எடுத்துடுவோம். அவ்ளோதான்."

"ஓடறப்ப எப்டி எடுப்பீங்க? யாராவது போய்க் கழட்டணுமா?"

"கழட்டல்லாம் வேணாம். எடுக்கச் சொல்லுவோம். உள்ள ஓடற சிஸ்டம் சரின்னு விட்டதும்..."

அங்கேயே நின்றுவிட்டேன். எடுத்துவிடுவோம் என்று சொன்னதும் நான்தான், எடுக்கச் சொல்லுவோம் என்று சொன்னதும் நான்தான். இரண்டும் ஒன்றல்ல. எங்கள் மென்பொருள், டிஸ்க்கை எடுக்கச் சொன்ன உடனேயே, பதிலுக்குக் காத்திராமல், எடுத்தாயிற்று என்று கணக்கில் எழுதிவிடுகிறது. அந்தக் கணக்கைத்தான் நாங்கள் வாரக்கணக்கில் இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். மெஷினிடமே போய், உன்னிடம் இப்போது என்னதான் இருக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

கேட்டேன். அடம்பிடித்த மெஷின் ஒன்றின் சாதனப் பட்டியல் திரையில் வரிவரியாக வந்தது. அதன் கடைசியில், என்றைக்கோ எடுத்துவிட்டதாக நாங்கள் நம்பிய அந்த பேக்கப் டிஸ்க் அப்படியே உட்கார்ந்திருந்தது. அடுத்த மெஷினைக் கேட்டேன். அதிலும் இருந்தது. நான் எழுந்து நின்று, பட்டுப்புடவையோடு அந்த மாடியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, கெடைச்சிடுச்சா என்றார்.

அப்போது லேப்டாப்பிலிருந்து குரல் வந்தது. "எனக்கும் சொல்லுங்கப்பா." மைக்கை நான் அணைக்கவே இல்லை. காப்பி நேரம் போக மீதி எல்லாவற்றையும் டீம் லீட் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவளும் நானும் லாக் எனும் பதிவுகளைப் பிரித்துப் பார்த்ததும் மீதியும் தெரிந்துவிட்டது. முன்பு எப்போதோ வாடிக்கையாளரே அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் செய்து, மெஷின் எழுந்துகொண்டிருந்த நேரமும், பேக்கப் முடிந்து டிஸ்க்கை எடுக்கச் சொல்லும் நேரமும் சில மெஷின்களில் ஒன்றாக வந்திருக்கின்றன. பாதி எழுந்த சிஸ்டத்தின் காதில் நாங்கள் சொன்னது விழவில்லை. அடுத்த ரீஸ்டார்ட்டில் பாக்கியிருந்த அந்த வேலை தானாக நடந்து டிஸ்க் போய்விடும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் மாயம் இதுதான். எங்கள் சோதனை மெஷினோ சொன்ன பேச்சை உடனே கேட்கும் பிள்ளை.

வழி சுலபம். ஒவ்வொரு மெஷினிடமும் டிஸ்க்கை விடும்படி மறுபடி சொல்ல வேண்டும். விட்டுவிட்டேன் என்ற செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகு நகர்த்த வேண்டும். முதல் மெஷினுக்குச் செய்தேன். விட்டுவிட்டேன் என்ற செய்தி வந்தது. நகர்த்த உத்தரவு கொடுத்தேன். வழக்கமாகத் தோற்கும் இடத்தை அது தாண்டியது. தாண்டிப் போய் அந்தப் பக்கம் நின்றது. தாம்பரத்தில் கைதட்டும் சத்தம்.

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா, இரண்டு பேரும் இன்னும் பேசி முடிக்கவில்லையா என்று தானே மேலே வந்துவிட்டார். நான் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தேன், அவர் மகன் காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, வேலை கெடைச்சிடுச்சா உனக்கு?" என்று மகனைக் கேட்டார்.

லேப்டாப்புக்குள்ளிருந்து டீம் லீட் விழுந்து விழுந்து சிரித்தாள். யார் அது என்று அவர் குனிந்து பார்க்க, இருவரும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். அதன்பின் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே அவரும் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு மெஷினும் நகர்ந்து முடிந்ததும், போயிடுச்சா, போயிடுச்சா என்று கேட்பார். போயிடுச்சு என்றால் அவருக்கு என்னைவிட மகிழ்ச்சி.

ஒன்று மட்டும் கடைசிவரை டிஸ்க்கை விட மறுத்தது. அந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு டீம் லீட் போன் போட்டாள். அங்கிருந்த ஒருவர், கூடுதலாக ஒரு டிஸ்க் தெரிகிறதே, வந்தவரைக்கும் லாபம் என்று தன் ஃபைல் ஒன்றை அந்த டிஸ்க்கிலேயே திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அதை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னோம். மாற்றியதும் அதுவும் விட்டது, அதுவும் நகர்ந்தது. பழைய சர்வர்கள் காலி. நான் லேப்டாப்பை மூடியபோது நெத்திலி நன்றாகக் காய்ந்திருந்தது.

கீழே எல்லோரும் பசியோடு காத்திருந்தார்கள். அம்மா என்னிடம் பேசவில்லை. ஆனால் என் தட்டில்தான் பெரிய நண்டைப் போட்டாள். வேலையை விடுவது பற்றி யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா மட்டும், ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கினால் வேறொரு நாள் லீவு கொடுப்பார்களா என்று விசாரித்தார். கொடுப்பார்கள் என்றேன். அப்படியென்றால் சரி என்றார்.

வெயில் தாழ்ந்ததும் நைனா அவர்களைப் படகில் ஏரிக்குக் கூட்டிப்போனார். என்னையும் வரச் சொன்னார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். தண்ணீர் ஆழமில்லாத இடம் வந்ததும் நைனா எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழி போட்டுத் தள்ளினார். சத்தம் அடங்கியது. பகலெல்லாம் என் வேலையைப் பற்றியே பேசியிருக்கிறேன், மாப்பிள்ளையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"உங்க ஆலையில உப்பை எப்படிப் பிரிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. கடல்நீரை அழுத்திச் சவ்வு வழியாகத் தள்ளுவது, சவ்வு அடைத்துக்கொண்டால் கழுவுவது, அழுத்தம் கூடினால் அலாரம் அடிப்பது என்று சொல்லிக்கொண்டே போனார். கையைக் குழாயாக வைத்துக் காட்டினார். அவர் அம்மா, இதை வீட்டில் எத்தனை முறை கேட்பது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நைனா கழியை ஊன்றிவிட்டு நின்று கேட்டார். எனக்குப் பாதிதான் புரிந்தது. நடுநடுவே நிறுத்திச் சந்தேகம் கேட்டேன். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் அவர் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து விளக்கினார்.

கரையில் இறங்கியதும் நைனா என்னைத் தனியாக அழைத்து, இன்னாம்மா சொல்ற என்றார். சரி நைனா என்றேன். வேறெதுவும் கேட்காமல் படகைக் கட்டப் போனவர், கட்டிக்கொண்டே விசிலடித்தார்.

மறுநாள் சர்வர்களைக் கழற்ற வந்தவர்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். அந்த வாரமே மென்பொருளைத் திருத்தினோம். மெஷின் விட்டுவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் இப்போது கணக்கில் எழுதுகிறது. தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. டீம் லீட் தாம்பரத்திலிருந்து ரயில் மாறி, பஸ் மாறி முதல் நாளே வந்துவிட்டாள். பெண் வீட்டுப் பக்கம் உட்கார வைத்தால், எழுந்து போய் என் மாமியார் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். தாலி கட்டும்வரை இருவரும் அப்படி என்ன பேசிச் சிரித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை சொல்லவில்லை.