வரிசை மாறி நின்றவர்

போன தீபாவளிக்குப் பத்து நாள்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு பலகாரக் கடையின் வரிசையில் இது நடந்தது. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. இருபத்திரண்டு வருடங்களாக ஒரு நாளும் விட்டதில்லை. எத்தனை மணிக்கு எழுந்தேன், எந்தப் பேருந்தில் போனேன், மழை பெய்ததா, எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அந்தச் சனிக்கிழமைக்கான பக்கத்தில் "காலை பத்தரை, தேக்கா. பலகாரம் வாங்கியாயிற்று, லேசான தூறல்" என்று மட்டுமே இருக்கிறது. மீதியை இப்போதுதான் எழுதுகிறேன்.

என் மனைவிக்கு அன்று வேலை. மகளையும் மகனையும் நான் அழைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. "தீபாவளிக் கூட்டத்துல ரெண்டையும் வச்சுக்கிட்டு வரிசையில நிக்கப் போறீங்களா? பாவம் லா நீங்க" என்றாள் மனைவி. நான் என் நீலப் பையைத் தட்டிக் காட்டினேன்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைகளோடு எங்கே புறப்பட்டாலும் அது என் தோளில் இருக்கும். ஈரத்துணி, இரண்டு தண்ணீர்ப் புட்டிகள், உப்பு பிஸ்கட், ஒட்டுப்படங்கள், ஒரு கத்தை ரப்பர் வளையம், கூர் சீவிய பென்சில், ஒரு சிறிய குறிப்பேடு. ஒவ்வொன்றுக்கும் தனி உறை. கைத்தொலைபேசியை மட்டும் பிள்ளைகளிடம் கொடுக்க மாட்டேன். ரயிலிலும் மருந்தகத்திலும் விமான நிலையத்திலும் குழந்தையின் கையில் தொலைபேசியைத் திணித்துவிட்டு நிம்மதியாக நிற்கும் பெற்றோரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். அலுவலகத்தில் இதைப் பற்றிப் பிரசங்கமே செய்திருக்கிறேன்.

அந்தக் குறிப்பேடு எங்கள் விளையாட்டுக்கானது. விளையாட்டின் பெயர் "யார் அது?" நானே உண்டாக்கியது. நம்மைச் சுற்றி இருப்பவர்களில் ஒருவரை மனதுக்குள் நினைத்துக்கொண்டு, அவரைப் பற்றி மூன்று அடையாளங்கள் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கையை நீட்டிக் காட்டக் கூடாது. தமிழில்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலச் சொல் ஒன்று வந்தால் ஒரு மதிப்பெண் குறையும். சொல்லும் அடையாளம் உண்மையாக இருக்க வேண்டும், பொய் சொன்னால் பூஜ்யம். கண்டுபிடிக்க வைக்கும் அடையாளத்துக்குப் பத்து மதிப்பெண்; அதைக் குறிப்பேட்டில் நான் எழுதுவேன்.

ஏன் தமிழ் என்று கேட்டால், பிள்ளைகளின் தமிழ் வளரும் என்பேன். உண்மையாகவே வளர்ந்தது. மகளின் தமிழாசிரியர் அவளுடைய சொல்வளத்தைப் பாராட்டினார். ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. ரயிலில் நாம் தமிழில் பேசினால் எதிரே இருப்பவருக்குப் புரியாது. தொப்பையை, வழுக்கையை, வாயைத் திறந்துகொண்டு தூங்குவதை, எதை வேண்டுமானாலும் சொல்லிச் சிரிக்கலாம். இதை நான் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர்களாகவே புரிந்துகொண்டிருந்தார்கள்.

அன்று வரிசை கடையை விட்டு வெளியே வந்து, பக்கத்துக் கடைகளின் அஞ்சடி நடைபாதை நெடுக நீண்டு, முனையில் திரும்பியிருந்தது. முதல் அரை மணி நேரம் ஒட்டுப்படத்திலும் ரப்பர் வளையத்திலும் ஓடியது. எங்களுக்கு முன்னால் நான்கைந்து பேர் தள்ளி ஒரு குடும்பம். தள்ளுவண்டியில் இருந்த குழந்தை தொலைபேசியில் ஏதோ பாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல அதன் பெற்றோருக்காகப் பரிதாபப்பட்டேன்.

"அப்பா, இன்னும் ஹவ் மெனி பீப்பிள்?" என்றான் மகன்.

"மைனஸ் மூணு!" என்றாள் மகள் உடனே. "அப்பா, யார் அது விளையாடலாமா?"

அங்கேதான் எனக்கு ஒரு சிக்கல் தோன்றியது. இது ரயில் அல்ல, தேக்கா. சுற்றி இருக்கும் அத்தனை பேருக்கும் தமிழ் தெரியும். நான் குனிந்து இருவரிடமும் மெதுவாகச் சொன்னேன்: "இங்க தமிழ் தெரிஞ்சவங்கள எடுக்கக் கூடாது. தெரியாதவங்கள மட்டும் எடுங்க."

"தெரியாதுன்னு எப்படித் தெரியும்?" என்றான் மகன்.

"மூஞ்சியப் பார்த்தா தெரியாதா?" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். ஐந்து வயதுப் பிள்ளை கேட்ட சரியான கேள்விக்கு நான் கொடுத்த பதில் இது.

முதல் சுற்றில் மகள் ஒரு வெள்ளைக்காரச் சுற்றுப்பயணியை எடுத்தாள். எளிதாகக் கண்டுபிடித்துவிட்டோம். அடுத்தது மகனின் முறை. அவன் கண்ணை உருட்டி யோசித்துவிட்டு, "பூப்போட்ட சட்டை" என்றான். பூப்போட்ட சட்டையில் இரண்டு பேர் இருந்தார்கள். "அடுத்தது சொல்லு" என்றாள் மகள். "மூக்கு இத்தனூண்டு. சட்டைப் பொத்தான் மாதிரி" என்றான். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். 'பொத்தான்' என்ற சொல் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்ற பெருமை வேறு.

எங்களுக்கு நேர் முன்னால் நின்ற அம்மாவைத்தான் அவன் சொன்னான். ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கும். குட்டையாக வெட்டிய முடி, பூப்போட்ட சட்டை, கால்சட்டை, கையில் மடித்த துணிப்பை. சீன முகம். எங்களுக்கும் அவருக்கும் இடையே ஒரு கை தூரம்கூட இல்லை.

மகள் இன்னும் அந்த இரண்டு பூச்சட்டைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகனுக்கு மூன்றாவது அடையாளம் வரவில்லை. நான் உதவினேன். "நான் சொல்றேன். வரிசை மாறி வந்து நிக்கிறவங்க" என்றேன். "நம்ம தீபாவளிக்கு அவங்க ஏன் நிக்கிறாங்கன்னே தெரியல."

மகள் சட்டென்று கண்டுபிடித்துவிட்டாள். நான் குறிப்பேட்டை எடுத்து, என் வழக்கப்படி தெளிவான கையெழுத்தில், "வரிசை மாறி நிற்பவர் – 10" என்று எழுதினேன்.

முன்னால் நின்றவர் திரும்பவில்லை. துணிப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் கடந்திருக்கும். கடை வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்தபோது மகன் கால்களைப் பின்னிக்கொண்டு குதிக்க ஆரம்பித்தான். "அப்பா, உச்சா." எல்லாவற்றுக்கும் உறை வைத்திருந்த என் பையில் அதற்கு ஒன்றும் இல்லை. வரிசையை விட்டால் மறுபடியும் முனையிலிருந்து தொடங்க வேண்டும். "அடக்கிக்கோ கண்ணா, கொஞ்ச நேரம்" என்றேன். அவன் முகம் அழுகைக்குப் போனது.

அப்போது முன்னால் நின்றவர் திரும்பினார்.

"புள்ளைய அடக்கச் சொல்லாதீங்க தம்பி. சந்தையில டாய்லெட் இருக்கு, கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. உங்க இடத்த நான் பாத்துக்குறேன்."

அது கற்றுக்கொண்ட தமிழ் அல்ல. அதில் ஒரு தடங்கல் இல்லை. நாங்கள் வீட்டில் பேசுகிற தமிழைவிட நல்ல தமிழ்.

பிள்ளைகள் இருவரையும் இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து ஓடினேன். மகன் உள்ளே இருந்தபோது கைகழுவும் தொட்டியின் முன்னால் நின்று, ஒரு மணி நேரத்தில் நாங்கள் என்னென்ன பேசினோம் என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தேன். எனக்குத்தான் எதுவும் மறக்காதே. பலகாரமே வேண்டாம், அப்படியே ரயிலேறிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வெளியே காத்திருந்த மகள் என்னைப் பார்த்ததும், "அப்பா, அந்த ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியுது" என்றாள். பயந்துபோயிருந்தாள்.

"தெரியும். வா" என்றேன்.

திரும்பி வந்தபோது வரிசையில் சத்தமாக இருந்தது. எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த ஒருவர் அந்த அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஏம்மா, இடம் பிடிச்சு வைக்கிறதெல்லாம் கிடையாது லா. நாங்களும் ஒரு மணி நேரமா நிக்கிறோம்."

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. சின்னப் பையன், டாய்லெட் போயிருக்கான். நம்ம தம்பி புள்ளைங்கதான்."

"உங்க தம்பியா?" அவர் எங்களையும் அந்த அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். "ஜாடையே இல்லையே!"

"ஏன் அண்ணே, மூக்கு ஒண்ணா இல்லையா? நல்லாப் பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கேட்டவரும் சிரித்துவிட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. என் மகன் தன் மூக்கைக் கையால் மூடிக்கொண்டான்.

"அப்படியா சார், உங்க அக்காவா?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து "ஆமாம், என் அக்கா" என்று சொல்லவில்லை. தலையை ஆட்டியதும் நன்றியினால் அல்ல, இடம் போய்விடுமே என்பதற்காக. இதையும் எழுதிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு கடைக்குள் நுழைய இருபது நிமிடம் ஆனது. அந்த நேரம் முழுக்க அவர்தான் என் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தார். ரப்பர் வளையத்தை விரல்களில் மாட்டி நட்சத்திரம் செய்து காட்டினார். மகன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆன்ட்டி, நீங்க சைனீஸா?" என்றான். நான் அவன் தோளை அழுத்தினேன்.

"பொறந்தது சைனீஸ். பதினோரு நாள் புள்ளையா இருந்தப்பவே எங்க அம்மா தூக்கிட்டு வந்துட்டாங்க. பிடோக்ல வளர்ந்தேன். வீட்ல நான் நாலாவது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா போயிட்டாங்க தம்பி. போன வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்ல. இந்த வருஷம் படைக்கணும். இந்தக் கடை அதிரசம்னா அம்மாவுக்கு உசுரு. அதான்" என்றார்.

ஏன் நிற்கிறார் என்று தெரியவில்லை என்றேனே, அதற்கான பதில். அவர் அதைப் பதிலாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட குடும்பங்களைப் பற்றி எனக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. சீனக் குழந்தைகளை எடுத்து வளர்த்த தமிழ் வீடுகள் இந்த ஊரில் அக்காலத்தில் நிறைய உண்டு. என் தொடக்கப்பள்ளி வகுப்பிலேயே அப்படி ஒரு பெண் இருந்தாள். தமிழ்ப் பாடத்தில் அவள்தான் முதல். எல்லாம் தெரிந்தும்தான் மூஞ்சியைப் பார்த்தால் தெரியாதா என்றேன்.

"சரி, உங்க விளையாட்டுல எனக்கு எத்தனை மார்க்?" என்று அவர் மகனிடம் கேட்டார். அவனுக்குச் சந்தோஷம். நான் தடுப்பதற்குள் பையிலிருந்து குறிப்பேட்டை உருவி நீட்டிவிட்டான். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "வரிசை... மாறி... நிற்பவர். பத்து." குறிப்பேட்டை மூடி என்னிடம் கொடுத்தார். "முழு மார்க். இது உங்க கையெழுத்தா தம்பி? அழகா இருக்கு."

அவர் முறை வந்தது. அதிரசம் ஐம்பது சொன்னார். பொட்டலம் கட்ட நான்கு நிமிடம் ஆயிற்று. கல்லாவுக்கு மேலே கடிகாரம் இருந்தது, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்குப் பக்கத்தில் சும்மா நின்றார். ஒரு சொல் சொல்ல நான்கு நிமிடம் தாராளம். "அக்கா, மன்னிச்சுடுங்க" என்று மனதுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். பின்னால் நிற்பவர்கள் காதில் விழும் என்று தயங்கினேன். அவர்கள் காதில் விழுமே என்று யோசிக்காமல் மற்றதையெல்லாம் சொல்ல முடிந்த எனக்கு, இதற்கு மட்டும் வெட்கம் வந்தது.

அவர் துணிப்பையில் அதிரசத்தை அடுக்கிக்கொண்டு, பிள்ளைகளின் கன்னத்தைத் தட்டி, "வரேன் தம்பி. நல்லா கொண்டாடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மறுபடியும் தலையைத்தான் ஆட்டினேன்.

ரயிலில் இரண்டு மூன்று நிறுத்தங்கள் தாண்டியதும் மகள் கேட்டாள்: "நாங்க தப்பு செஞ்சா சாரி சொல்லச் சொல்வீங்கல்ல? நீங்க ஏன்ப்பா சொல்லல?"

"அவங்க அவசரமாப் போயிட்டாங்கம்மா" என்றேன்.

அவள் என்னை நம்பவில்லை. அவளும் அதே கடிகாரத்தின் கீழேதான் நின்றிருந்தாள். "அந்த புக்க குடுங்க" என்றாள். கொடுத்தேன். பென்சிலையும் கேட்டாள். மடியில் வைத்து, அந்த வரியைக் கண்டுபிடித்து, பத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் பூஜ்யம் போட்டாள். "அவங்க வரிசை மாறி நிக்கல. உங்க க்ளூ பொய். பொய் சொன்னா ஜீரோ. உங்க ரூல்தான்." பிறகு, 'க்ளூ', 'ஜீரோ', 'ரூல்' என்று விரல் விட்டு எண்ணி, தன் பெயருக்கு நேரே மைனஸ் மூன்று என்றும் எழுதிக்கொண்டாள். விளையாட்டில் அவள் என்னைவிட நேர்மையானவள்.

அந்த விளையாட்டை நாங்கள் விட்டுவிட்டோம். இப்போது வரிசையில் நிற்கும்போது ரப்பர் வளையத்தில் நட்சத்திரம் செய்கிறோம். மகன் நன்றாகச் செய்கிறான். யாராவது பெற்றோர் குழந்தைக்குத் தொலைபேசியைக் கொடுத்தால் எனக்கு இப்போது எதுவும் தோன்றுவதில்லை. அந்தக் குழந்தை யாரையும் காயப்படுத்தாமல் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அதன் பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள் தேக்காவுக்குப் போய்விட்டேன். பூப்போட்ட சட்டையைக் கண்டால் கால் நின்றுவிடுகிறது, முகத்தைப் பார்த்ததும் அவர் இல்லை என்று ஆகிறது. இருபத்திரண்டு வருட நாட்குறிப்பில் எத்தனையோ நேரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். குறிக்காமல் விட்ட அந்த நான்கு நிமிடம்தான் எந்த வரிசையில் நின்றாலும் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.