போர்வைக்குள் மடங்கிய குழாய்

படிக்கட்டில் விழுந்து முதுகெலும்பு உடைந்த பிறகு மார்புக்குக் கீழே எனக்கு எதுவும் தெரியாது. சிறுநீருக்குக் குழாயும் பையும்தான். மயூர் விஹார் வீட்டுக்கு யார் வந்தாலும் அவற்றைப் போர்வைக்குள் தள்ளிவிட்டுத்தான் கதவைத் திறக்கச் சொல்வேன்.

அன்றைக்கு எதிர்வீட்டம்மா வந்து பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று எனக்குத் தலை வெடிப்பதுபோல் வலித்தது. முகமெல்லாம் வேர்த்தது. மருமகள் பிரஷர் மெஷினைக் கட்டினாள். எப்போதும் நூறைத் தாண்டாத என் பிரஷர் இருநூறைத் தொட்டிருந்தது. நாடி மட்டும் மெதுவாக அடித்தது.

"படுக்க வைம்மா, ஜல்தி!" என்று அவசரப்படுத்தினாள் எதிர்வீட்டம்மா.

"படுத்தா இன்னும் ஏறும் ஆன்ட்டி." மருமகள் என்னை நிமிர்த்தி உட்கார வைத்தாள். "அத்தே, குழாய் சரியா இருக்கா?"

ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மூத்திரப்பை நிறைந்தால் எனக்குத் தெரியாது, ஆனால் தண்டுவடத்துக்குத் தெரியும். அது தானாகவே கீழே ரத்தக்குழாய்களை இறுக்கிவிடும், பிரஷர் எகிறும். போதும் என்று மூளை சொல்வது உடைந்த இடத்தைத் தாண்டி இறங்காது.

எல்லாம் தெரிந்தும், எதிர்வீட்டம்மா பார்க்கப் போர்வையை விலக்கச் சொல்ல வாய் வரவில்லை.

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றேன்.

மருமகள் மறுபடி பிரஷர் பார்த்தாள். இன்னும் ஏறியிருந்தது. எனக்குக் கண் மங்கியது.

"தொடைக்கு அடியில சொருகினேன். மடங்கியிருக்கும், எடு."

குழாயை நேராக்கியதும் பை நிறைந்தது, பிரஷர் இறங்கியது.

"இதுக்கா உயிரை விடப் பார்த்தீங்க?" என்றாள் எதிர்வீட்டம்மா.

மருமகள் பையைப் போர்வைக்கு வெளியே, என் கை எட்டாத கால்மாட்டில் மாட்டினாள். இப்போது உள்ளே வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.